ஏழாம் பீப்பாய் ஏன் குறைந்தது?

அத்தியாயம் 6

"திருட்டுப் போன பீப்பாய்க்கு ருசி கூடுமா, சாமிண்ணே?"

காரை நிறுத்திவிட்டுச் சங்கரி கேட்டாள். பக்கத்து இருக்கையில் ஆரோக்கியசாமி வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"திருடன் வாய் வச்சா ருசி கூடும்னா, எங்க ஈப்போ வீட்டு மீன் குழம்புக்குப் பூனையைத்தான் பாராட்டணும், பாஸ்."

சங்கரி சிரிக்கவில்லை. எட்டு நாளாகவே அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்து வருஷம் காப்பீட்டு நிறுவனத்தில் மோசடிகளைத் தோண்டிவிட்டு, மெல்பேர்னில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவள் அவள். அவளிடம் உதவியாளராக இருக்கும் ஆரோக்கியசாமி டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவளைவிடப் பதினான்கு வயது மூத்தவர், ஆனாலும் அவள்தான் 'பாஸ்'. இருவருக்கும் பூர்வீகம் மலேசியா.

எட்டு நாளுக்கு முன்னால், மெல்பேர்ன் புறநகரான டண்டினொங்கில் இப்போது எதிரே தெரியும் இந்தத் தகரக் கொட்டகைக்குள் ரை விஸ்கி வடிக்கும் இந்திரகுமாருக்கு அவள் ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்திருந்தாள். விவகாரம் சின்னது. இரண்டு வருஷத்துக்கு முன் நூறு லிட்டர் ஊற்றி மூடிய ஏழாம் பீப்பாயில் எழுபத்து மூன்று லிட்டர்தான் மிச்சம். அதே வாரம் நிரப்பிய எட்டாம் பீப்பாயில் எண்பத்தெட்டு இருந்தது. கொட்டகைச் சாவி இரண்டே பேரிடம். ஒன்று முதலாளியிடம், இன்னொன்று வேலைக்காரன் யதுர்சனிடம். நிரப்பிய வாரமே ஏழாம் பீப்பாயை மட்டும் கேமரா கண்ணில் படாத மூலைக்கு ஏற்றி வைத்தது தான்தான் என்று யதுர்சனே ஒப்புக்கொண்டான். ஏன் என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

'அவரது மௌனம் குற்ற உணர்வையே காட்டுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள் சங்கரி.

யதுர்சனுக்கு வேலை போனது. அவன் விசா அந்த வேலையில்தான் தொங்குகிறது. இன்று மாலை ஐந்து மணிக்குள், 'இவனுக்கு இனி நாங்கள் பொறுப்பில்லை' என்று இந்திரகுமார் விசா ஏஜெண்டுக்கு மெயில் அனுப்பிவிடுவார். அதன்பிறகு அவன் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கேஸ் முடிந்தது என்றுதான் சங்கரியும் நினைத்திருந்தாள். ஆனால் அந்த ஒரு வரி மட்டும் தொண்டையில் மாட்டிய மீன் முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது. நேற்று இந்திரகுமாரிடமிருந்தே ஓர் அழைப்பிதழ் வந்தது.

'ரை விஸ்கி: ஆரம்பக்காரர்களுக்கு ஓர் அறிமுகம். சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி. ஏழாம் பீப்பாயையும் சுவைக்கலாம். எங்களிடம் உள்ளதில் ஆகச் சிறந்தது.'

"தண்ணி ஊத்தி ஈடு கட்டியிருந்தா சப்புன்னு இருக்கணும்," என்றாள் சங்கரி. "ஊத்தாம எடுத்திருந்தா எட்டாவது மாதிரியே இருக்கணும். எட்டாவதவிட இது எப்படி நல்லா இருக்கும்?"

"குடிச்சுப் பாத்தா தெரிஞ்சிரும். நீங்க குடிங்க."

"நான் குடிக்கிறதில்லன்னு தெரியும்ல?"

"எனக்குத் தவக்காலம் லா. இருபத்தஞ்சு நாளா ஒரு சொட்டு தொடல. ஞாயித்துக்கிழமைன்னா நோன்புல சேத்தி இல்ல. உங்க கேஸ் பாத்து சனிக்கிழமை வந்து நிக்குது."

"ஆக, விஸ்கி கேஸுக்குக் குடிக்காத ரெண்டு பேர்."

"மீன் வாங்க ரெண்டு சைவத்த அனுப்பின மாதிரி," என்று தோலை மடித்துப் பையில் போட்டார் ஆரோக்கியசாமி. "வாங்க, மூக்காவது இருக்கே."

கொட்டகைக்குள் நீள மேசையைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் செம்பு வடிகலன் பளபளத்தது. ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நின்ற இந்திரகுமாருக்கு ஐம்பது வயதிருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, ரொட்டி சுடும் பாண் தொழிற்சாலையில் பதினைந்து வருஷம் மாவு மூட்டை தூக்கியவர். ரையோடு பழக்கம் அங்கேதான் தொடங்கியது.

சங்கரியைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

"வாங்கோ தங்கச்சி. உங்கட தயவில கள்ளனைப் பிடிச்சாச்சு. இண்டைக்கு நிம்மதியா வகுப்பு எடுக்கிறன்."

சங்கரி தலையைக் குனிந்துகொண்டு கடைசிக் கதிரையில் உட்கார்ந்தாள்.

"ரை எண்டா என்ன?" இந்திரகுமார் கைநிறைய தானியத்தை அள்ளிக் காட்டினார். "ரை பாண் சாப்பிட்டிருப்பியள். அதே சாமான்தான். கோதுமைக்குச் சொந்தக்காரன். ஆனா கோதுமை மாதிரி மெத்தெண்ட ஆள் இல்லை. குளிரிலயும் முளைப்பான், மணலிலயும் முளைப்பான். குணமும் அப்பிடித்தான், முரடன். ஊற வைச்சா பசை மாதிரி ஒட்டுவான், பொங்கி வழிவான். ஆறு தரம் என்னை அழப்பண்ணி ஏழாம் தரம்தான் வழிக்கு வந்தவன். அதாலதான் என்ர முதல் பீப்பாவுக்கு ஏழு எண்டு பேர்."

முதல் கிளாஸ் தண்ணீர்போல் இருந்தது.

"இது இந்தக் கிழமை வடிச்சது. மரம் தொடாதது. இந்த நாட்டுச் சட்டப்படி ரெண்டு வருஷம் மரப் பீப்பாவுக்குள்ள கிடந்தாத்தான் விஸ்கி எண்டு சொல்லலாம். அதுவரைக்கும் வெறும் சாராயம். மூக்கை உள்ள விடாதேங்கோ, எரியும். வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு மணக்கோணும்."

ஆரோக்கியசாமி பல் டாக்டர் முன்னால் உட்கார்ந்தவர்போல் வாயைப் பிளந்துகொண்டு முகர்ந்தார்.

"மிளகு ரசம்," என்றார். "கொஞ்சம் சீரகம். அப்புறம் யாரோ கிராம்பு கடிக்கிறாங்க."

"அதுதான் ரை!" இந்திரகுமார் மேசையைத் தட்டினார். "அண்ணைக்கு நல்ல மூக்கு. குடியுங்கோவன்."

"மூக்கு மட்டும்தான் இன்னிக்கு டியூட்டி."

கண்ணாடி போட்ட ஓர் இளம்பெண் கை உயர்த்தினாள். "அங்கிள், கோக் மிக்ஸ் பண்ணலாமா?"

"உங்கட அப்பான்ர கராஜில போய் மிக்ஸ் பண்ணுங்கோ பிள்ளை. இங்க முதல் வாய் சும்மா. ரெண்டாம் வாய்க்கு மூண்டு சொட்டுத் தண்ணி. மணம் விரியும். அமெரிக்காக்காரன் பாதிக்கு மேல ரை போட்டு, உள்பக்கம் கருக்கின புதுப் பீப்பாவில வைச்சாத்தான் ரை எண்டு எழுதலாம். கனடாக்காரன் பழக்கத்தில எல்லாத்தையும் ரை எண்டுவான், சில போத்தலில பேருக்கும் ரை இராது. லேபலைத் திருப்பிப் பாத்து வாங்குங்கோ."

இரண்டாம் கிளாஸில் எட்டாம் பீப்பாய் வந்தது. வெறும் தேத்தண்ணீர் நிறம். இந்திரகுமாரின் மனைவி சிவனேஸ்வரி ரோல்ஸ் பலகாரத் தட்டோடு ஒவ்வொருவராகச் சுற்றி வந்தாள். அதிகம் பேசாத, மெலிந்த பெண்.

"பீப்பா மூச்சு விடும்," என்று தொடர்ந்தார் இந்திரகுமார். "வருஷா வருஷம் கொஞ்சம் காத்தில போகும். ஸ்கொட்லாந்து மாதிரிக் குளிரும் ஈரமுமான இடத்தில சாராயம்தான் கூடுதலாப் பறக்கும், வீரியம் குறையும். அமெரிக்காவில கென்டக்கிப் பக்கம், கூரைக்குக் கிட்ட வெக்கையில வைச்சா தண்ணிதான் கூடுதலாப் போகும், வீரியம் ஏறும்."

"இங்கே எப்படி?" என்றாள் சங்கரி.

"இங்க நடுத்தரம். நூத்துக்கு அறுபது வீரியத்தில வைச்சா அறுபதுக்குக் கிட்டத்தான் நிக்கும். சரி, இனி ஏழு!"

ஏழாம் பீப்பாய் ஜாடி மேசைக்கு வந்தது. அந்த நிமிஷம் சிவனேஸ்வரி கையிலிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டுக் சமையல் செய்யும் குசினிப் பக்கம் போனாள். இன்னும் நாலு பேருக்கு ரோல்ஸ் போகவில்லை.

சங்கரி அதைப் பார்த்தாள். ஜாடியையும் பார்த்தாள். தேத்தண்ணீர் நிறம் இல்லை. பாகு நிறம்.

"சாமிண்ணே," என்று மெதுவாகக் கிளாஸை நகர்த்தினாள். "ஒரே ஒரு வாய்."

"பாஸ், நான் கோயில்ல சொல்லிட்டு வந்திருக்கேன்."

"ஒரு பையனோட விசா. ஐந்து மணி."

ஆரோக்கியசாமி கிளாஸைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். "இயேசுவே, இது ஆசைக்கு இல்ல, ஆபீஸ் வேலை," என்று முணுமுணுத்து எட்டில் ஒரு வாய், ஏழில் ஒரு வாய் எடுத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. பாவ உணர்ச்சியா, விஸ்கியா என்று சொல்ல முடியவில்லை.

"எட்டு கதவத் தட்டிட்டு உள்ள வருது, பாஸ். ஏழு கதவ உடைச்சிக்கிட்டு வருது."

"காரமா?"

"வீரியமே கூட. இருபத்தஞ்சு நாள் பட்டினி கிடந்த நாக்கு, பொய் சொல்லாது. ஒரு சந்தேகத்துக்கு இன்னொரு வாய்..."

சங்கரி கிளாஸைப் பிடுங்கி வைத்துவிட்டு எழுந்தாள். வகுப்பு முடிந்து கூட்டம் கலையும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். மணி நாலேகால் ஆகியிருந்தது.

"அண்ணே, ஏழோட வீரியத்த அளந்தீங்களா?"

இந்திரகுமார் முகம் சுளித்தார். "ஏன் அளக்கோணும்? அளவுகோலை விட்டுப் பாத்தன், எட்டைவிடப் பதினைஞ்சு லிட்டர் காணேல்ல. காணாததை எப்பிடி அளக்கிறது?"

"மிச்சம் இருக்கிறத அளந்தீங்களா?"

அவர் ஜாடியைத் திரும்பிப் பார்த்தார்.

"நானும் கேட்கல," என்றாள் சங்கரி. "கேட்டிருக்கணும். இப்ப அளங்க."

உயரமான குழாயில் ஏழாம் பீப்பாய் விஸ்கியை ஊற்றி, கண்ணாடி மிதவையை இறக்கினார் இந்திரகுமார். அது ஆடி நின்றது. குனிந்து எண்ணைப் படித்தவர் மறுபடியும் குனிந்து படித்தார்.

"அறுபத்தைஞ்சு," என்றார். குரல் இறங்கியிருந்தது. "வைக்கேக்க அறுபது."

"எட்டு?"

"அறுபதரை. போன கிழமை அளந்தனான்."

"திருடன் ஒரு வாளி அள்ளினா சாராயமும் தண்ணியும் சேர்ந்துதான் போகும். வீரியம் அப்படியே நிக்கும். தண்ணியை மட்டும் தனியா உறிஞ்சிட்டுப் போற திருடன் இன்னும் பிறக்கலண்ணே. நீங்களே இப்பத்தான் பாடம் நடத்தினீங்க. இது களவு போகல. வெக்கையில போயிருக்கு."

"இங்க எங்க தங்கச்சி வெக்கை? ரெண்டும் ஒரே கொட்டகைக்குள்ளதானே!"

"ஏழு மட்டும் தனியா மூலையில இல்ல இருக்கு," என்றார் ஆரோக்கியசாமி.

மூவரும் அந்த மூலைக்குப் போனார்கள். கூரையை ஒட்டிய மேல் தட்டில், தகரச் சுவரில் முதுகைச் சாய்த்தபடி ஏழாம் பீப்பாய் தனியாகக் கிடந்தது. ஆரோக்கியசாமி ஏணியில் ஏறிச் சுவரில் கை வைத்தார். சட்டென்று எடுத்தார்.

"ஆத்தாடி! தோசை சுடலாம். மார்ச் மாசத்துலயே இப்படின்னா நடுக்கோடை ஜனவரியில எப்படி?"

சங்கரி போனில் திசைகாட்டியைத் திறந்தாள். மூலை வடகிழக்கு, பீப்பாய் சாய்ந்திருந்த சுவர் வடக்கு.

"என் மக வீடு தேடுனப்ப விளம்பரம் பூரா ஒரே பாட்டு பாஸ்," என்று மேலிருந்து பேசிக்கொண்டே போனார் அவர். "'வடக்கு பார்த்த வீடு, நாள் முழுக்க வெயில்'னு. இந்த ஊர்ல சூரியன் வடக்கால நடக்குது. இந்த பீப்பா ரெண்டு கோடை இங்க நின்னு வெந்திருக்கு... அட, இது என்னா?"

பீப்பாய்க்கும் சுவருக்கும் நடுவே போன் விளக்கை நீட்டினார். சுவர்ப் பக்கம் பார்த்த மூடியில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், காய்ந்துபோன சந்தனம். அதன் நடுவில் குங்குமம்.

"பாஸ், திருடப் போற பீப்பாய்க்கு எவனாச்சும் பொட்டு வைப்பானா?"

சங்கரிக்கு எல்லாம் விளங்கியது. கேமராவுக்கு மறைவான மூலை என்று அறிக்கையில் எழுதினாளே, அது வேறொன்றுக்கும் மூலை என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"ஈசான மூலை," என்றாள். "நீர் வைக்க வேண்டிய மூலை. சாத்திரம் பார்க்கிறவங்க கிணறு வெட்டினா அங்கதான் வெட்டுவாங்க. யாழ்ப்பாணத்துல அது சரி. இங்க அதே மூலைதான் அடுப்பு."

"சாத்திரமோ!" இந்திரகுமார் வெடித்தார். "என்ர இடத்தில ஒருதருக்கும் அந்த விசர் இல்லை!"

"எனக்கு இருக்கு."

குசினி வாசலில் சிவனேஸ்வரி நின்றாள். கையில் துடைத்துத் துடைத்துக் கசங்கிய துணி.

"ஆறு தரம் எல்லாம் பசையா இறுகி வெளியில ஊத்தினனாங்கள். ஆறாம் தரம் நீங்கள் அந்தப் பானைக்குப் பக்கத்தில இருந்து அழுதனியள். ஏழாவதும் பீப்பாவுக்குள்ள பழுதாப் போனா நீங்கள் தாங்க மாட்டியள் எண்டு ஊரில சாத்திரியாருக்குப் போன் எடுத்தனான். ஈசான மூலையில வை எண்டார். உங்களுக்குத் தெரிஞ்சா நக்கல் அடிச்சே கொன்றுபோடுவியள். யதுர்சனைக் கெஞ்சித்தான் ஏத்துவிச்சனான். அங்கிளிட்டச் சொல்லாதை எண்டு என்ர தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கினனான்."

இந்திரகுமார் ஏணியைப் பிடித்தபடி அவள் பக்கம் திரும்பினார்.

"எட்டு நாளா அந்தப் பெடியனைக் கள்ளன் எண்டு கொண்டு நிக்கிறன். பாத்துக்கொண்டே இருந்தனீர்?"

"முதல் நாள் சொல்லியிருந்தா சிரிப்பியள். ரெண்டாம் நாள் சொல்லியிருந்தா ஏசுவியள். மூண்டாம் நாளுக்குப் பிறகு என்ன முகத்தோட சொல்லுறது?" அவள் குரல் உடைந்தது. "அவன் தாங்கேலாமல் சொல்லிப்போடுவான், நான் சொல்லத் தேவையில்லை எண்டு பாத்துக்கொண்டிருந்தன். அவன் சொல்லேல்ல."

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டும் தகுதி அங்கே யாருக்கு இருந்தது? மிதவையை இறக்கிப் பார்க்காத முதலாளிக்கா? கேட்க வேண்டியதைக் கேட்காத துப்பறிவாளருக்கா? ஆரோக்கியசாமி மட்டும் ஏணியிலிருந்து இறங்கி, "நான் நோன்பு முறிச்சவன். எனக்கும் வாய் இல்ல," என்றார்.

இந்திரகுமார் போனை எடுத்து, எழுதித் தயாராக வைத்திருந்த மெயிலை அழித்தார். சங்கரி மேசையில் கிடந்த ஒரு தாளைப் புரட்டி, பின்பக்கம் நாலே வரி எழுதினாள். 'ஏழாம் பீப்பாயில் களவு நடக்கவில்லை. இழப்பு வெயிலால். முதல் அறிக்கை தவறு. தவறு முழுவதும் என்னுடையது.' கையெழுத்துப் போட்டு இந்திரகுமாரிடம் நீட்டியபோது வாசலில் நிழல் விழுந்தது.

யதுர்சன். இருபத்தாறு வயது. மிச்சமிருந்த சப்பாத்தையும் ஜாக்கெட்டையும் எடுத்துப்போக வந்திருந்தான். நாலு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டான்.

சிவனேஸ்வரி ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள். "சொல்லிப்போட்டனடா," என்றாள்.

"ஓம் அன்ரி," என்றான் அவன். அவ்வளவுதான்.

"திங்கட்கிழமை வா," இந்திரகுமார் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வருவியோ?"

"வாறன் அங்கிள்."

அடுத்தது தன் முறை என்று சங்கரிக்குத் தெரிந்தது. அவன் முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, நான் எழுதினது..."

"நான் பேசாமல் நிண்டதும் பிழைதான் அக்கா," என்றான் யதுர்சன். கோபமில்லாமல் சொன்னான். அதுதான் அவளைச் சுட்டது. "ஆனா நீங்கள் 'ஏன் ஏத்தினனி, ஏன் ஏத்தினனி' எண்டு எத்தினையோ தரம் கேட்டியள். 'ஆர் ஏத்தச் சொன்னது' எண்டு ஒருக்காக் கூடக் கேக்கேல்ல. கேட்டிருந்தா நான் தலையைக் குனிஞ்சிருப்பன். நீங்கள் விளங்கியிருப்பியள்."

சங்கரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குள் அவன் போன் அடித்தது. திரையில் 'அம்மா'.

அவன் ஒரு விநாடி தயங்கி, வீடியோவை எடுத்தான். வவுனியாவில் நண்பகல் நெருங்கும் வெளிச்சம். ஈரத் தலையில் துவாய் சுற்றிய ஒரு பெண்.

"வேலையிலயோ தம்பி? எட்டு நாளா முகத்தைக் காட்டாமல் குரல் மட்டும் தாறாய். ஏதும் வருத்தமோ?"

"சீச்சீ, வேலை கூட அம்மா. இஞ்ச பாருங்கோ, இப்பவும் இங்கதான் நிக்கிறன்." போனை மெல்லத் திருப்பி வடிகலனையும் பீப்பாய் வரிசையையும் காட்டினான். வேலை போனதை அவன் வீட்டில் சொல்லவே இல்லை என்பது மற்ற நாலு பேருக்கும் அப்போதுதான் உறைத்தது.

"ஆரடா உதில பின்னால நிக்கிற பிள்ளை? அழுதிருக்கிற மாதிரிக் கிடக்கு."

சங்கரி அசையாமல் நின்றாள். எல்லாவற்றையும் சொல்லிவிட அவனுக்கு ஒரு வரி போதும். அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"பீப்பா பாக்க வந்தவ அம்மா. விஸ்கி மணம் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளேல்ல."

"வந்த ஆளுக்குத் தேத்தண்ணி குடுத்தனியே?"

"இன்னும் இல்லை. இனித்தான்."

"போ, முதல்ல அதைக் குடு. நான் பேந்து எடுக்கிறன்."

போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு யதுர்சன் குசினிக்குப் போனான். கேத்தல் கொதிக்கும் சத்தம் கேட்டது. சங்கரி பின்னாலேயே போய் வாசலில் நின்றாள்.

"சீனி எத்தினை கரண்டி அக்கா?" என்றான் அவன், திரும்பாமல்.

தேநீரில் சீனி போட்டுக் குடிப்பதை அவள் விட்டுப் பல வருஷம் ஆகிறது.

"நீ எவ்வளவு போட்டாலும் குடிக்கிறேன்," என்றாள்.